மருந்தளவு அறியும் உலோக நானோ துகள்கள்

நானோ துகள் நிறமாற்ற முறை என்பது, தங்கம், வெள்ளி ஆகியவற்றின் நானோ துகள்களைக் கொண்டு ஒரு மாத்திரையிலுள்ள மருந்துப்பொருளின் அளவை அறியும் பகுப்பாய்வு முறையாகும். மருந்து குறைந்தால் நோய் தணியாது, மிகுந்தால் நஞ்சாகலாம்.

நிறம் மாறும் காரணம்

தங்கக் கூழ்மத்தின் சிவப்பு நிறத்தை மைக்கேல் பரடே 1857இல் ஆராய்ந்தார். ஏறத்தாழ 13 நானோமீட்டர் விட்டமுள்ள தங்கத் துகள்கள் 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளியை உறிஞ்சுவதால் கூழ்மம் சிவப்பாகத் தெரிகிறது. துகள்கள் திரண்டால் நீலமாக மாறுகிறது.

அளவிடும் முறை

துகள்களின் மேலுள்ள சிட்ரேட்டு அயனிகள், தம் எதிர்மின்னூட்டத்தால் துகள்களை விலக்கி வைக்கின்றன. இரத்த அழுத்த மருந்தான கேப்டோபிரில் போன்ற கந்தகச் சேர்மங்கள் தங்கத்துடன் பிணைந்து சிட்ரேட்டை அகற்றும்போது துகள்கள் திரளக்கூடும். முதலில் அளவு தெரிந்த தூய மருந்துக் கரைசல்களின் ஒளி உறிஞ்சலை நிறமாலைமானியில் அளந்து வரைபடம் வரையப்படும். பின்னர் மாத்திரைக் கரைசலின் அளவீடு அதனுடன் ஒப்பிடப்படும்.

தமிழ்நாட்டில்

சென்னை இந்திய தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லியைத் தங்க நானோ துகள்களின் நிறமாற்றத்தால் கண்டறியலாம் என 2003இல் வெளியிட்டனர். அது மருந்தன்று, எனினும் நிறமாற்றமே அங்கும் அடையாளமாகிறது.

குறைபாடு

உப்பும் துகள்களைத் திரளச் செய்யும். எனவே நிறமாற்றம் மட்டுமே மருந்துக்குச் சான்றாகாது. மாத்திரையின் துணைப்பொருட்களைத் தனியே சோதித்தும், அளவு தெரிந்த மருந்தைக் கூடுதலாகச் சேர்த்து அது முழுமையாகக் கணக்கில் வருகிறதா எனப் பார்த்தும் முடிவு உறுதி செய்யப்படுகிறது.