வணிக விதிகளின் மாதிரிச்சூழல் சோதனை

வணிக விதிகளின் மாதிரிச்சூழல் சோதனை என்பது, முடிவு மேலாண்மை மென்பொருளில் எழுதப்பட்ட விதிகள் சரியான முடிவைத் தருகின்றனவா என்று, விடை முன்னரே அறியப்பட்ட சில நிலைமைகளைக் கொடுத்துச் சரிபார்க்கும் முறையாகும். மின்கட்டணம், வரி, கடன் தகுதி முதலியவற்றுக்கான விதிகள் இம்மென்பொருள்களில் நிரலிலிருந்து பிரிக்கப்பட்டு, பெரும்பாலும் முடிவு அட்டவணைகளாக வைக்கப்படுகின்றன. இவ்வட்டவணைகளுக்கான டிஎம்என் என்னும் குறிமுறை 2015 இல் வெளியானது.

சோதனை முறை

ஒவ்வொரு சூழலும் உள்ளீடு, எதிர்பார்க்கும் விடை என இரு பகுதிகளைக் கொண்டது. ஐபிஎம் நிறுவனத்தின் மென்பொருளில் இவற்றை எக்செல் தாளில் வரிக்கு ஒன்றாக நிரப்பலாம். திறமூல மென்பொருளான ட்ரூல்சிலும் இத்தகைய வசதி உண்டு. எதிர்பார்க்கும் விடையை விதி அறிந்த ஒருவர் கையால் கணக்கிட வேண்டும். மென்பொருள் தந்த விடையையே எடுத்து எழுதினால், பிழையும் சரியென்றே தேறிவிடும்.

எடுத்துக்காட்டு: மின்கட்டணம்

நாமக்கல் மாவட்டத்தில், காவிரிக் கரையில் பவானிக்கு எதிரே அமைந்த குமாரபாளையம் ஒரு விசைத்தறி நகரமாகும். இங்கு வீட்டுக்கு ஓர் இணைப்பும் தறிக்கு ஓர் இணைப்பும் வைத்துள்ள குடும்பம் ஒன்றைக் கொள்வோம். இரண்டு இணைப்புகளிலும் ‘இத்தனை யூனிட்டுக்கு மேல்’ என்னும் சொற்கள் வருகின்றன, பொருள் ஒன்றன்று.

2017 முதல் 2022 செப்டம்பர் வரை தமிழ்நாட்டில் நடப்பிலிருந்த வீட்டுக் கட்டணப்படி, இரு மாதங்களில் 500 யூனிட் பயன்படுத்தினால் நிலைக்கட்டணம் உட்பட 1,130 ரூபாய். 501 யூனிட் ஆனால் 1,786 ரூபாய் 60 காசு. எல்லையைத் தாண்டியதும் கீழ்ப்படிகளின் விகிதமும் சேர்ந்து மாறியதே காரணம். ‘500 வரை’ என்பதை ‘500க்குக் குறைவாக’ என்று எழுதிவிட்டால், சரியாக 500 யூனிட் பயன்படுத்தியவரிடம் 650 ரூபாய் கூடுதலாகப் பெறப்படும். 300, 700 ஆகிய இரு சூழல்களை மட்டும் கொடுத்துப் பார்ப்பவருக்கு இப்பிழை ஒருபோதும் தென்படாது. ஆகவே 499, 500, 501 என எல்லையின் இருபுறமும் சோதிப்பது இன்றியமையாதது.

விசைத்தறியில் அவ்வாறன்று. இலவச அளவு கழிக்கப்பட்டு, மிகுதிக்கு மட்டுமே யூனிட் கட்டணம் உண்டு. ஆனால் அந்த அளவு மாறிக்கொண்டே வந்துள்ளது: 2006 இல் 500, 2016 இல் 750, 2023 மார்ச்சில் 1,000. எனவே சூழலில் தேதியும் ஓர் உள்ளீடாக இருத்தல் வேண்டும். 900 யூனிட் பயன்படுத்தியவருக்கு மாற்றத்துக்கு முன் 150 யூனிட்டுக்குக் கட்டணம், பின்னர் ஏதுமில்லை. விதி மாறியதும் பழைய சூழல்கள் தோல்வியுறுவது இயல்பு. அவற்றை அழித்துவிடாமல், தேதியிட்டு வைத்திருப்பதே நல்லது. பழைய பட்டியல் மீதான முறையீடு பின்னரும் வரலாம்.

எதிர்பாராத சூழல்கள்

எவரும் எண்ணிப்பாராத நிலைமையைச் சோதனைத் தாள் காட்டாது. 2020 ஊரடங்கில் மீட்டர் கணக்கெடுப்பு தடைபட்டது. பின்னர் நான்கு மாதப் பயன்பாடு இரண்டாகப் பகுக்கப்பட்டு, முன்பு செலுத்திய தொகை கழிக்கப்பட்டது. தொகையைக் கழிப்பதா, யூனிட்டைக் கழிப்பதா என்னும் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, அவ்வாண்டு சூலையில் தள்ளுபடியானது. இரண்டு முறைகளும் ஒரே தொகையைத் தருவதில்லை. எது சரி என்பது விதியை வகுப்போர் முடிவு செய்ய வேண்டியது. அதன் பின்னரே எதிர்பார்க்கும் விடையைத் தாளில் எழுத இயலும்.