பனி நாட்டுப் பாறைக்குப் பச்சைப் போர்வை!

டொரோன்டோ பக்கம் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிற பெற்றோர்கள் நம்மிடையே நிறையப் பேர். அங்கே வீட்டைச் சுற்றிப் பெரிய பெரிய பாறைகளைப் போட்டு, கல்லாலேயே படியும் கட்டியிருப்பார்கள். அழகுதான். ஆனால் வெறும் கல் கண்ணை உறுத்தும். 'இதில் ரெண்டு செடி வைத்தால் என்ன?' என்று கை பரபரக்கும். தாராளமாக வையுங்கள். வைத்தியனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? பாறைச் சந்தில் வளர்கிற செடிகளில் சில மருந்து, சில விஷம். வீட்டில் பேரக்குழந்தைகள் இருக்கிறார்களே!

குளிர் அங்கே மைனஸ் 20 டிகிரிக்குக்கூட இறங்கும். ஆனால் பாறைச் செடிகளுக்குக் குளிரைவிடக் குளிர்கால ஈரம்தான் எமன். மேலே விழும் பனி கம்பளி மாதிரி காப்பாற்றும். அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்துக்கொள்ளும். அப்போது மண் உப்பி, செடியை வேரோடு வெளியே தள்ளும். எனவே கல்லிடுக்கில் நிரப்பும் மண்ணில் சரிபாதி பொடிச்சரளை கலந்துவிடுங்கள். பாதி வேலை முடிந்தது.

வெயில் படும் கல்லின் விளிம்பில் வைக்க முதல் செடி, படரும் தைம். சில அங்குல உயரம்தான்; கல்மேல் பாய் விரித்தாற்போல் பரவும். இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், நம் ஓம வாசனை! இரண்டிலும் தைமால் என்ற ஒரே சத்துதான் இருக்கிறது. குடும்பம் மட்டும் வேறு. தைம், துளசி, கற்பூரவல்லி மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். பூக்கும் காலத்தில் தேனீ மொய்க்கும். வெறுங்காலோடு குழந்தைகள் ஓடுகிற வழியில் மட்டும் வேண்டாம்.

மண்ணே இல்லாத சந்துக்கு ஹவுஸ்லீக். ரோஜாப்பூ மாதிரி சதைப்பற்றுள்ள இலையடுக்கு. இடி விழாது என்ற நம்பிக்கையில் ஐரோப்பாவில் வீட்டுக் கூரைமேல் வளர்த்தார்கள். சுமார் 1200 வருஷத்துக்கு முன் சார்லமேன் பேரரசின் ஆணையிலேயே இதற்கு இடம் உண்டு. நாம் சோற்றுக்கற்றாழையைத் தடவுவதுபோல, தீப்புண்ணுக்கு இதன் சாற்றை அவர்கள் தடவினார்கள். நம் ரணகள்ளிக்கு இது உறவு. ஆனால் ரணகள்ளியை அங்கே கொண்டுபோய் வெளியில் வைத்தால் முதல் உறைபனியிலேயே குழைந்துவிடும்.

நிழல் விழும் பாறையடிக்கு பெர்கீனியா. அகலமான தடித்த இலை. பனிக்காலத்தில் உதிராமல் செம்பு நிறமாகும். கூரான கல்லை இதுபோல மென்மையாக்கும் செடி குறைவு. நாட்டுமருந்துக் கடையில் சிறுநீரகக் கல்லுக்குத் தருகிறார்களே பாஷாணபேதி, அது இதன் இமயமலைச் சகோதரியின் வேர்க்கிழங்குதான். 'அடடா, மருந்து வாசலிலேயே இருக்கிறதே!' என்று தோண்டிக் கஷாயம் போட்டுவிடாதீர்கள். தோட்டத்தில் இருப்பது பெரும்பாலும் சைபீரிய இனமோ கலப்பினமோதான்.

இப்போது எச்சரிக்கைக்கு வருகிறேன். மிர்ட்டில் ஸ்பர்ஜ் என்று ஒன்று. நீலச்சாம்பல் இலையோடு பாறையிலிருந்து அழகாகத் தொங்கும். இது நம் கள்ளி இனம். பால் பட்டால் தோல் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அமெரிக்காவில் கொலராடோ, ஓரிகன் மாநிலங்கள் இதைத் தீய களை என்றே அறிவித்துவிட்டன. செடி வாங்கும்போது அட்டையில் 'யூஃபோர்பியா' என்று இருந்தால், குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம். கண்ணில் பால் பட்டுவிட்டால் பதினைந்து நிமிடம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இன்னொன்று ஃபாக்ஸ்குளோவ். கல்சுவர் ஓரத்தில் தானாகவே முளைக்கும். முதல் வருஷம் பூக்காது. மெத்தென்ற இலைக்கொத்து மட்டும், பார்த்தால் கீரை மாதிரியே இருக்கும். காம்ஃப்ரி இலை என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. இதயத்துக்கு இது மருந்தாவதை 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் எழுதினார். அளவு மீறினால் அதே இதயத்துடிப்பைக் குலைத்துவிடும். வேகவைத்தாலும் விஷம் போகாது. நம் பாட்டிமார்களுக்குப் பச்சையாக எதைப் பார்த்தாலும் ஆயக் கை போகும். அந்த ஊரில் பெயர் தெரியாத இலை எதையும் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள்.

எங்கே வைப்பது? கல்லை முழுசாக மூடவேண்டாம். அடியிலும் மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால், பாறை மண்ணிலிருந்து தானாக எழுந்தது போலிருக்கும். பெரிய பாறைக்குப் படரும் ஜூனிபர் போதும். ஆனால் கல்படியில் கால் வைக்கும் இடத்துக்கு எந்தச் செடியும் வரக்கூடாது. ஈர இலைமேல் உறைபனி படிந்தால் கண்ணுக்கே தெரியாது. அறுபது தாண்டியவர் அதில் வழுக்கினால் இடுப்பெலும்புக்கு உத்தரவாதமில்லை.

பனி விலகி மே மாதம் பிறந்ததும் நடுங்கள். குளிருக்குள் வேர் பிடித்துவிடும். அடுத்த வசந்தத்தில் செடிகள் மேலே எழும்பி நின்றால் பயப்படவேண்டாம். கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, சுற்றிலும் ஒரு பிடி சரளை போட்டுவிடுங்கள்.