பட்டாளத்து லோரி வாங்கப் போகிறீர்களா?

தோட்டத்தில் ஒரு வீட்டுக்குச் சேமநிதிப் பணம் வந்து சேர்ந்தால், அடுத்து அந்த வீட்டில் எழும் பேச்சு, "ஒரு லோரி வாங்கினா என்ன?" என்பதுதான். 55 வயது வரை பால் வெட்டியோ குலை வெட்டியோ உழைத்தவருக்கு, மகன் காலத்திலாவது சொந்தத் தொழில் வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை மில்லுக்கு ஏற்றிக் கொடுத்தால் டன் கணக்கில் கூலி கிடைக்கும். ஆனால் புது லோரியின் விலையோ கைக்கு எட்டாது. இந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து காதில் ஓதுவார்:

"பட்டாளத்து லோரி ஒண்ணு கெடக்கு அண்ணே. யானை மாதிரி! சேறாவது மேடாவது, ஏறி மிதிச்சிட்டுப் போவும். இப்பவே முடிச்சிடலாம்."

யானைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த யானைக்குத் தீனி போடப் போவது யார் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிவிட்டு, வண்டி லயத்துப் பின்புறம் கோழி அடையும் கூடாக நிற்பதில் யாருக்கு லாபம்? ஆகவே, வாங்குமுன் கவனிக்க வேண்டியவற்றை இந்த வாரம் நாம் எடுத்துக் கொள்கிறோம்.

பழைய பழக்கம்

பட்டாளத்து லோரி நம் நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தயாரித்த ஆறு சக்கர ஜி.எம்.சி. வண்டி மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். கனடாவில் அந்தக் காலத்தில் எட்டு லட்சத்துக்கும் அதிகமான ராணுவ வாகனங்கள் உருவாயின. 1945-இல் போர் முடிந்ததும் மிஞ்சிய வண்டிகள் மலாயாவின் காடுகளுக்குள் வெட்டுமரம் இழுக்கப் போயின. சீனர்கள் அவற்றுக்கு 'சான் தாய் வோங்', அதாவது மலையரசன் என்று பெயர் வைத்தார்கள். மலாய்க்காரர்கள் 'லோரி ஹந்து', பேய் லோரி என்றார்கள். கூரையும் கதவும் போய், மூக்கும் சக்கரமும் மட்டும் மிஞ்சிய அந்த உருவத்துக்குப் பொருத்தமான பெயர்தான்.

அவை அத்தனை காலம் ஓடியதைச் சொல்லித்தான் இன்றும் வியாபாரி நம்மை மயக்குகிறான். ஆனால் அவன் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. அந்த மலையரசர்களுக்குப் பின்னால் மரத் தவுக்கேயின் சொந்தப் பட்டறை இருந்தது. எஞ்சின் போனால் வேறு எஞ்சின், அச்சு ஒடிந்தால் இன்னொரு வண்டியின் அச்சு என்று மாற்றி மாற்றி ஓட்டினார்கள். பட்டாளத்திலும் அப்படியே. அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் மெக்கானிக்கும் உதிரிப் பாகக் கிடங்கும் உண்டு. வண்டியை வாங்கும் நமக்கு அந்தக் கிடங்கு வருவதில்லை.

அதோடு, பட்டாளம் நல்ல வண்டியை விற்பதில்லை. பழுது பார்க்கும் செலவு இனிக் கட்டுபடியாகாது என்று கணக்கெழுதிய பிறகே ஏலத்துக்கு விடுகிறார்கள். அவர்களுக்கே கட்டாதது நமக்கு எப்படிக் கட்டும் என்ற கேள்வியோடுதான் ஏலக் களத்தில் கால் வைக்க வேண்டும்.

முதலில் வேலை, பிறகு வண்டி

எந்த வண்டி நல்லது என்று கேட்பதற்கு முன், எந்த வேலைக்கு என்று கேளுங்கள். செம்பனைக் குலை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போய்விட வேண்டும் என்பது நாம் எல்லாரும் அறிந்தது. தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி, எண்ணெயின் தரம் இறங்கும், விலையும் இறங்கும். ஆகவே, குலை ஏற்றும் லோரிக்கு வேண்டிய முதல் குணம், தினமும் தவறாமல் காலையில் ஸ்டார்ட் ஆவதுதான். பலம் அதற்கு அடுத்தபடி.

பட்டாளத்து லோரி சாலை இல்லாத இடத்தில் போவதற்கென்றே செய்யப்பட்டது. ஜி.எம்.சி. வண்டிக்கு எழுதியிருக்கும் இரண்டரை டன் என்பது காட்டுத் தரையில் ஏற்றக்கூடிய பாரம். நல்ல சாலையில் அதற்கு மேலும் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் நாம் ஓட்டப் போவது மழைக்கால மண் சடக்கில். அங்கே எழுதிய கணக்கைத்தான் நம்ப வேண்டும்.

மூன்று டன் வண்டி என்றால், குலை ஒன்று 20 கிலோ வீதம் 150 குலை. ஒரு நாளில் 12 டன் எடுக்க நாலு நடை. மில் தூரமாக இருந்தால் நாலு நடை முடியுமா? எண்ணெய்ச் செலவு என்ன? பழைய ஜி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின் ஒரு லிட்டருக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர்தான் கொடுக்கும். சேற்றில் அதுவும் இல்லை. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

நம் கருத்து இதுதான்: பட்டாளத்து லோரி தோட்டத்துக்குள்ளே, மேட்டிலும் சேற்றிலும் கிடக்கும் குலையை நல்ல சடக்கு வரை கொண்டு வருவதற்கு ஏற்றது. அங்கிருந்து மில் வரை சாதாரண லோரிதான் லாபம். உங்கள் தோட்டத்தில் சாதாரண லோரி போகாத இடமே இல்லையென்றால், பட்டாளத்து வண்டி உங்களுக்குத் தேவையே இல்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

உதிரிப் பாகம் பக்கத்து டவுனில் கிடைக்குமா என்பதுதான் முதல் சோதனை. உதாரணத்துக்கு, 1953-இல் வெளிவந்த பெட்ஃபோர்ட் ஆர்.எல். வண்டியை எடுத்துக் கொள்வோம். நாலு சக்கரத்துக்கும் இழுப்பு உள்ளது. அதன் 4.9 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சாதாரண பெட்ஃபோர்ட் லோரிகளிலும் இருந்ததால், அந்தக் காலத்தில் பாகத்துக்குக் கஷ்டமில்லை. ஆனால் பெட்ஃபோர்ட் பெயரில் ஜெனரல் மோட்டார்ஸ் லோரி செய்வதை 1986-இல் நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பாகம் தேடுவது ஒரு தனி உத்தியோகம். ஆகவே பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். டீசல் எஞ்சினாக, உள்ளூர் மெக்கானிக் ஏற்கெனவே கை வைத்துப் பழகியதாகப் பாருங்கள்.

எஞ்சின் மாற்றிப் போட்ட வண்டியானால், கியர் பெட்டியோடு அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று மெக்கானிக்கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ராணுவ வண்டிகள் பலவற்றில் மின்சாரம் 24 வோல்ட். கண்ட பேட்டரியை வைத்துச் சமாளிக்க முடியாது.

அடியில் படுத்துப் பாருங்கள்

புதுப் பச்சைச் சாயத்தைப் பார்த்து ஏமாறாமல், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் போங்கள்.

முன் சக்கரத்துக்கு இழுப்புக் கொடுக்கும் தண்டு இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு, "நாலு சக்கரமும் இழுக்கும்" என்று விற்பவர்கள் உண்டு. சேற்றில் இறக்கி, முன் சக்கரம் சுற்றுவதைக் கண்ணால் பார்த்தபின் நம்புங்கள். வளைவில் திருப்பும்போது முன் அச்சில் 'டக் டக்' என்ற சத்தம் கேட்டால் மூட்டு தேய்ந்திருக்கிறது.

சட்டத்தில், ஸ்பிரிங் மாட்டும் இடங்களைச் சுற்றி வெடிப்போ புது வெல்டிங்கோ இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பிரேக்கை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. பழைய ராணுவ வண்டிகள் பலவற்றில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே பிரேக் குழாய் வழிதான். ஓர் இடத்தில் வெடித்தால் மொத்தமும் போய்விடும். மலைத் தோட்டத்தில், பாரத்தோடு இறங்கும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

"வருஷக் கணக்கா நின்ன வண்டி, ஓடவே இல்ல" என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். நின்ற வண்டியில் ரப்பர் காயும், எண்ணெய்த் தொட்டி துருப்பிடிக்கும், பிரேக் இறுகும். டயரில் நாலு இலக்க எண் பார்த்துக் கொள்ளுங்கள். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது.

இன்னொன்று: தார்ச் சடக்கில் நாலு சக்கர இழுப்பைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வித்தியாசம் தண்டுகளை முறுக்கி உடைக்கும்.

சக்கரத்தில் ஒளிந்திருக்கும் எமன்

போர்க்கால பிரிட்டிஷ், கனடிய வண்டிகள் பலவற்றில், சக்கரம் இரண்டு தட்டுகளைச் சேர்த்து முடுக்கியதாக இருக்கும். அதில் இரண்டு வரிசை நட்டு. ஒரு வரிசை சக்கரத்தை வண்டியோடு பிடிப்பது. இன்னொன்று தட்டுகளை ஒன்றோடொன்று பிடிப்பது. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவதைக் கழற்றினால், தட்டு வெடித்து ஆளைக் கொன்றுவிடும். எச்சரிக்கைக்காக அந்த நட்டுகளுக்குச் சிவப்புச் சாயம் அடிப்பதுண்டு. பல கை மாறிய வண்டியில் அந்தச் சாயம் எங்கே இருக்கும்? ஆகவே, காற்றை முழுவதும் இறக்காமல் யாரும் ஸ்பேனரைத் தொடக் கூடாது. வளையம் போட்ட சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போதும் எதிரே நிற்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

குலை ஏற்றுகிறவன் முதுகு

வண்டி வாங்குகிறவர்கள் நினைக்காத விஷயம் ஒன்று. பட்டாளத்து லோரி உயரம். குலையைக் கம்பியில் குத்தி நெஞ்சுயரத்துக்கு மேல் வீச வேண்டும். 20 கிலோ குலை, நடைக்கு 150, நாலு நடைக்கு 600. அந்த முதுகு யாருடையது? உங்கள் மகனுடையதோ, நேற்று வரை உங்களோடு பெரட்டில் நின்றவருடையதோதான். சடக்கோரம் மேடை கட்டி, அதன் மேலிருந்து ஏற்றுங்கள். குலைக் குவியலின் மேல் ஆளை உட்கார வைத்து ஓட்டவே கூடாது. கூலிக்கு ஆள் வைத்தால் அவரைச் சொக்சோவில் பதிவு செய்வது உங்கள் கடமை. நேற்று முதலாளியிடம் நாம் கேட்டதை, இன்று நாம் முதலாளியானபின் மறக்கலாமா?

பத்திரம் சரியா?

'இசட்' எழுத்துப் பலகை கழற்றிய வண்டிக்கு, பொதுச் சடக்கில் ஓடும் உரிமை தானாக வந்துவிடாது. ஏலத்தில் விட்டதற்கான பத்திரம், ஜே.பி.ஜே. பதிவு, பரிசோதனை, இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்ற 'ஏ' வகை உரிமம். ஓட்டுகிறவருக்கு 'இ' வகுப்பு லைசென்சும் ஜி.டி.எல்.லும். இந்த வண்டியைப் பதிவு செய்ய முடியுமா என்று, பணம் கொடுப்பதற்கு முன் ஜே.பி.ஜே. ஆபீசில் நேரில் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் அண்ணே" என்கிற ஆளிடம் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. கையில் இருப்பதில் பாதிக்கு மேல் வண்டி விலைக்குப் போட வேண்டாம். மீதி, முதல் வருடப் பழுதுக்கு வேண்டியிருக்கும். வீட்டுக்காரியின் தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் வாங்க முடியும் என்றால், அந்த வண்டி வேண்டாம். நல்ல மெக்கானிக் ஒருவரை ஒரு நாள் சம்பளம் கொடுத்தாவது கூட்டிப் போங்கள். அவர் "வேண்டாம்" என்று சொன்னால், அந்த ஒரு நாள் சம்பளத்தில் உங்கள் சேமநிதி முழுவதும் தப்பியது என்று சந்தோஷமாக வீடு திரும்புங்கள்.