ஏரியில் கூடும் படகுகளும் நம் கடை வாசலும்

மோட்டார் படகுப் பிரியர்கள் நாலு பேர் விடுமுறைக்கு ஏரியில் ஒன்றுகூடத் தீர்மானித்தால் அவர்களது பேச்சு எதைப் பற்றியதாக இருக்கும்? யார் யார் வருகிறார்கள், படகை எந்தத் துறையில் இறக்குவது, பெற்றோல் எங்கே அடிப்பது, பகலுணவு எங்கே, காற்று எழும்பினால் எங்கே ஒதுங்குவது, போன முறை கல்லில் அடிபட்ட புரொப்பெல்லருக்குப் புதிது வாங்கியாயிற்றா? வெளியாருக்கு இது வெறும் அரட்டை. ஆனால் வியாபாரிக்கோ இது ஒரு கொள்வனவுப் பட்டியல்.

இந்த உண்மையை நன்கு விளங்கியிருந்தவர் அமெரிக்க வர்த்தகர் றொபர்ட் மக்கலக். மரமறுக்கும் செயின் சோ இயந்திரங்களால் பெயரெடுத்த அவர், 1950களில் படகின் பின்புறம் பூட்டும் அவுட்போர்ட் எஞ்சின் தொழிலிலும் இறங்கினார். எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்க இடம் தேடியபோது அவர் கண்ணில் பட்டது ஹவாசு ஏரி. கொலராடோ நதியில் 1938இல் கட்டி முடிக்கப்பட்ட பார்க்கர் அணையால் உண்டான ஏரி அது. ஒரு கரை கலிபோர்னியா, மறு கரை அரிசோனா, சுற்றிவரப் பாலைவனம்.

சோதனை செய்துவிட்டு அவர் திரும்பிவிடவில்லை. 1960களில் அங்கு காணி வாங்கி ஒரு நகரத்தையே உருவாக்கினார். காணி வாங்க ஆட்கள் வர வேண்டுமே! தேம்ஸ் நதியில் 1831இல் திறக்கப்பட்ட பழைய லண்டன் பாலம் விலைக்கு வந்தபோது, 1968இல் 24 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு வாங்கினார். கற்களுக்கு இலக்கமிட்டுக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, 1971இல் அங்கே அதைத் திறந்து வைத்தார். சிரித்தவர்கள் பலர். ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி அந்நகரின் சனத்தொகை 57 ஆயிரத்துக்கும் மேல். படகுப் பிரியர்கள் கூடும் முக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. பாலத்தின் கீழுள்ள கால்வாயில் படகுகள் வரிசையாக நிற்கும். அவர்களால் ஹோட்டலும் பிழைக்கிறது, எஞ்சின் திருத்துபவரும் பிழைக்கிறார். ‘போக்கர் ரன்’ என்று சீட்டுச் சேகரித்துப் பரிசு பெறும் ஓட்டங்களும் அங்கு உண்டு. அது நமக்கு வேண்டாம். நாம் எடுக்க வேண்டியது, விற்ற பொருள் எங்கே பாவிக்கப்படும் என்று சிந்தித்த அந்த மனிதரின் புத்தியைத்தான்.

இந்தச் சிந்தனைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. விடுமுறை நாட்களில் அதே கால்வாயில் படகுகள் நெருக்கமாக நின்று, எஞ்சினை ஓடவிட்டபடி ஆட்கள் அளவளாவிக் கொண்டிருப்பார்கள். 2003இல் சுகாதார அதிகாரிகள் ஆராய்ந்தபோது, எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட் திறந்த வெளியிலேயே ஆட்களை நஞ்சாகத் தாக்கியிருப்பது தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. முதலில் தலைவலியும் மயக்கமும்தான். வெயில் என்று நினைத்துக்கொள்வார்கள். அளவு கூடினால் உயிரே போய்விடும்.

இதை அறிந்தபோது என் கடைதான் எனக்கு ஞாபகம் வந்தது. 2022இல் மணிக்கணக்காக மின்சாரம் தடைப்பட்ட நாட்களில் ஜெனரேட்டர் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். விலை சொன்னேன், உத்தரவாத அட்டையும் கொடுத்தேன். “வீட்டுக்குள்ளோ மூடிய கராஜிலோ வைத்து ஓட்டாதீர்கள், அதன் புகை ஆளைக் கொல்லும்” என்று எத்தனை பேரிடம் சொன்னேன்? விரல் விட்டு எண்ணலாம். திறந்த ஏரியில் ஆளை விழுத்திய வாயு, கதவடைத்த வீட்டில் என்ன செய்யும்?

பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாதென்பது நமது மார்க்கம் கற்றுத் தந்த வியாபார ஒழுக்கம். அதன் ஆபத்தைச் சொல்லாமல் விடுவதும் அதற்குக் கிட்டத்தான் வரும். இப்போது எனது கடையில் ஜெனரேட்டர் பக்கத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. பில் எழுதுமுன் அதை வாசித்துக் காட்டுவது பையனின் கடமை. இதனால் ஒரு விற்பனையும் குறையவில்லை.

வாடிக்கையாளரின் அரட்டைக்குக் காது கொடுங்கள். அதில் உங்கள் இலாபமும் இருக்கிறது, உங்கள் அமானிதமும் இருக்கிறது. வல்ல அல்லாஹ் நம் தொழிலில் பரக்கத் செய்வானாக.