கோபுரம் தெரிகிறது, லைன் கிடைக்கவில்லை!

ஒரு காலத்தில் தோட்டத்தில் டெலிபோன் என்றால் ஆபீசில் இருக்கும் ஒன்றுதான். நடுராத்திரியில் பிரசவ வலி வந்தாலும் கிராணி வீட்டுக் கதவைத் தட்டிக் கெஞ்சித்தான் பேச வேண்டும். இன்று பீடோர் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்தில் கைப்பேசியும் வந்துவிட்டது. ஆனால் கெஞ்சுவது நின்றதா? இல்லை என்றே சொல்ல வேண்டும்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது நாம் கண்ட காட்சியை மறக்க முடியாது. ஒரு தோட்டத்தில் பிள்ளைகள் புத்தகமும் கையுமாக மேட்டில் நின்றார்கள். "என்னங்க பண்றது தலைவரே, அங்க ஏறினாத்தான் லைன் புடிக்குது. மூணு புள்ளைக்கும் ஒரே போன்தான்" என்றார் ஒரு தாய்.

பெரியவர்கள் பாடு இன்னொரு விதம். சேமநிதிக் கணக்கு, உதவித்தொகை மனு எல்லாம் இப்போது இணையத்தில். பாரம் புரியாமல் இரகசிய எண்ணையே அடுத்தவரிடம் கொடுத்து, "நீயே பார்த்துப் போடு தம்பி" என்கிறார்கள். உழைத்துச் சேர்த்த காசின் சாவியையே கொடுப்பதல்லவா இது?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சரவாக்கின் மலைப்பகுதியில் கெலாபிட் மக்கள் வாழும் பாரியோ என்ற ஊருக்கு அப்போது சிறு விமானத்தில் போக வேண்டும். இல்லையேல் பல நாள் காட்டு நடை. 1998 வாக்கில் சரவாக் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். கம்ப்யூட்டரை இறக்கிவிட்டால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. முதலில் வீடு வீடாகப் போய், "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டார்கள். பிறகுதான் செயற்கைக்கோள் வழி இணையம் வந்தது. பட்டணத்துப் பிள்ளைகளோடு பேசவும், விடுதிக்கு ஆள் பிடிக்கவும் ஊரார் அதைப் பயன்படுத்தினார்கள்.

பாரியோவுக்கு முடிந்தது பீடோருக்கு முடியாதா? 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி, வசதி எட்டாத இடங்களுக்கென்றே ஒரு நிதி உண்டு. குறிப்பிட்ட வருமானத்தைத் தாண்டிய தொலைத்தொடர்புக் கம்பெனிகள், நிர்ணயித்த நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அதில் கட்ட வேண்டும். இது தர்மக் காசல்ல. நாமும் உரிமையோடு கேட்கலாம். ஆனால் தோட்டம் தனியார் நிலம். கோபுரம் நட முதலாளி சம்மதிக்க வேண்டும். இங்கேதான் நம் மனு சிக்கிக்கொள்கிறது.

ஆகவே தோழர்களே, அடுத்த ஞாயிறு லயத்தில் கூடுங்கள். எந்த வீட்டில், எந்த நேரத்தில் லைன் இல்லை, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், யாருக்குப் பாரம் நிரப்பத் தெரியாது என்று எழுதுங்கள். ஒரு நகல் தோட்ட ஆபீசுக்கு, ஒரு நகல் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு, ஒன்று நம் கையில். வடக்கே கம்பாரிலும் தெற்கே தஞ்சோங் மாலிமிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆய்வு செய்ய வாருங்கள் என்று அவர்களையும் அழைப்போம். தமிழில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் வேண்டுமென்று சேர்த்தே கேட்போம்.

வாய்மொழிப் புகார் காற்றோடு போகும். எழுதிக் கையெழுத்திட்ட கணக்கை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது!