வியன்னா வனத்தின் கதைகள்

இளைய யோஹான் ஸ்ட்ராஸ் 1868-ஆம் ஆண்டில் இயற்றிய இந்த வால்ட்ஸ், வியன்னா மாநகரின் மேற்கே படர்ந்து கிடக்கும் வனப் பிரதேசத்தையும், கிராம ஜனங்கள் மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் ஆடிக் களித்த லேண்ட்லர் ஆட்டத்தையும் நகரத்து ரசிகர்களின் செவிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

பேழையிலுள்ள ஸிதர் வாத்தியத்தைச் சற்றே நின்று பாருங்கள். மேஜைமீது கிடத்தி வாசிக்கப்படும் இதில், மெட்டுகளின் மேலோடும் 5 தந்திகளை இடக்கை விரல்கள் அழுத்திப் பிடிக்க, வலக்கைக் கட்டைவிரலில் மோதிரம்போல் அணிந்த மீட்டி இன்னிசையை எழுப்ப, மற்ற விரல்கள் அப்பாலுள்ள தந்திகளில் துணை ஸ்வரங்களைத் தெறிக்கும்.

நடன இசைக்கு அபூர்வமான நெடிய முன்னுரையில், கொம்புகளும் பறவைக் குரலெடுக்கும் புல்லாங்குழலும் வனத்தின் வனப்பை விரித்துரைத்த பின்னர், பெரிய வாத்தியக் குழு முழுவதும் அடங்கி இந்த எளிய கருவிக்கு இடம்விட்டு ஒதுங்குகின்ற கட்டமே இப்படைப்பின் ஜீவன் என்பது எமது துணிபு. ஸிதர் கலைஞர் வாய்க்காத சபைகளில் வயலின் முதலியவை அப்பகுதியை ஏற்று வாசிப்பதுண்டு. எத்தனை மதுரமாக வாசித்தாலும், நாட்டுப்புற மணம் அவற்றில் முழுமையாகக் கிட்டுவதில்லை.

பின்னர் வருபவை 5 வால்ட்ஸ் பகுதிகள். முடிவுக்குச் சற்று முன்னே ஸிதர் மறுபடியும் ஒலிக்கும்.