நாம் அமைக்கும் வீதியும் நம்மை அமைக்கும் வீதியும்

மனவுறுதி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் எழுவது யாது? சூறைக் காற்றில் அசையாது நிற்கும் ஒற்றைப் பனையைப் போன்ற ஒரு மனிதனின் உருவமே பெரும்பாலோர்க்குத் தோன்றும். பிறர் துணையை நாடாதவன், கண்ணீரைப் பிறர் காணாது மறைப்பவன், தன் சுமையைத் தானே சுமப்பவன் என்று அவனை நாம் வருணிக்கிறோம். வீரக் கதைகளுக்கு இவ்வுருவம் பொருந்தலாம். வாழ்க்கைக்குப் பொருந்துமா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வியாகும்.

துன்பம் எல்லார் வீட்டு வாசலையும் மிதிப்பது. நோயாகவும், உற்றாரின் பிரிவாகவும், வேலையின்மையாகவும், வெள்ளமாகவும், போராகவும் அது வரும். ஒரே வகைத் துன்பம் இருவரைத் தாக்கும்போது ஒருவர் முறிந்து போகிறார். மற்றவர் வளைந்து, பின்னர் நிமிர்கிறார். இவ்வேறுபாடு எதனால் உண்டாகிறது? பிறவிக் குணத்தினால் என்று சொல்லிவிட்டால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும். முறிந்தவரைக் கோழை என்று தூற்றவும் அது இடமளிக்கும். குணத்துக்குப் பங்கே இல்லை என்பதன்று. ஆயினும் மீண்டெழும் ஆற்றலின் பெரும்பகுதி, ஒருவன் யாரோடு கூடி வாழ்கிறான், நாள்தோறும் என்ன செய்கிறான் என்னும் இரண்டிலிருந்துமே பிறக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன.

முதற் சான்று பசிபிக் சமுத்திரத்திலிருந்து கிடைக்கிறது. ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது காவாய் என்னும் சிறு தீவு. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஆசிய நாடுகளிலிருந்து வந்தவர்களின் சந்ததியார் பலர் அங்கு வாழ்ந்து வந்தனர். 1955ஆம் ஆண்டில் அத்தீவிற் பிறந்த 698 குழந்தைகளின் வாழ்க்கையை எம்மி வேர்னர், ரூத் சிமித் என்னும் இரு உளவியல் அறிஞர்களும் அவர்களைச் சேர்ந்தோரும், அக்குழந்தைகள் நாற்பது வயதை அடையும் வரையிலும் தொடர்ந்து ஆராய்ந்தனர். அக்குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் வறுமை, பிறப்பின்போது நேர்ந்த ஊறு, பெற்றோரின் பிணக்கு, குடிப்பழக்கம், மனநோய் முதலிய பல இடர்களின் நடுவே வளர்ந்தவர்கள். இவர்கள் எல்லாரும் சீரழிந்துவிடுவர் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் தம்மீது நம்பிக்கையும் பிறர்மீது அன்பும் உடைய நல்ல மனிதராக வளர்ந்தனர்.

அவர்களுக்கு வாய்த்தது யாது? தாயோ, பாட்டியோ, மூத்த சகோதரியோ, ஆசிரியரோ, அயலவரோ, யாரேனும் ஒருவர் அவர்களை மாறாத அன்போடு பேணியிருந்தார். இது நாம் எதிர்பார்ப்பதே. நாம் எளிதில் எதிர்பாராத வேறொன்றும் தெரியவந்தது. அப்பிள்ளைகளுள் பலருக்கு இளமையிலேயே ஒரு பொறுப்பு இருந்தது. தம்பி தங்கையரைப் பராமரித்தல், நோயுற்றவருக்கு உதவுதல், வீட்டு வேலையில் ஒரு பங்கைத் தவறாது செய்தல் போன்ற கடமைகளை அவர்கள் ஏற்றிருந்தனர். தாம் இல்லாவிடின் ஒரு காரியம் நடவாது என்னும் உணர்வு அவர்களுக்கு ஊன்றுகோலாயிற்று. பிறர் நம்மைத் தாங்குவது பெரும் பலம். பிறரை நாம் தாங்குவதும் அதற்குக் குறையாத பலம். பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் கொடாது வளர்ப்பதே அன்பு என்று எண்ணும் பெற்றோர் இதனைச் சற்றுச் சிந்தித்தல் நன்று.

இவ்வாராய்ச்சி ஆறுதலான இன்னொரு செய்தியையும் தருகிறது. பதினெட்டு வயதில் வழிதவறி நின்ற பலர், முப்பது நாற்பது வயதுக்குள் தம்மைத் திருத்திக்கொண்டனர். மீண்டும் கல்வி கற்றமை, நல்ல துணை வாய்த்தமை, ஒரு சமயக் கூட்டத்தோடு சேர்ந்தமை முதலியன அவர்களுக்கு இரண்டாவது வாயிலைத் திறந்தன. ஆகவே, இளமையில் வாய்க்காதது என்றுமே வாய்க்காது என்று எவரும் மனம் தளர வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1958ஆம் ஆண்டிலே கொழும்பு நாளந்தாக் கல்லூரியின் இளம் ஆசிரியர் ஒருவர், தம் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் அழைத்துக்கொண்டு குருநாகல் மாவட்டத்திலுள்ள கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்றார். அவ்வாசிரியரே பின்னாளில் சர்வோதய சிரமதான இயக்கத்தின் தலைவராக உலகறிந்த கலாநிதி ஏ. ரி. ஆரியரத்ன. 1931இல் பிறந்த அவர் 2024இல் மறைந்தார். அவர்கள் சென்ற கிராமம் ரொடியர் என்று சமூகம் ஒதுக்கிவைத்த மக்களின் கிராமம். அம்மக்களுக்கு உபதேசம் செய்யவோ, பழைய துணிகளைப் பங்கிடவோ அவர்கள் செல்லவில்லை. அவர்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு சேர்ந்து உடலுழைப்பில் ஈடுபடுவதற்கே சென்றார்கள்.

அன்று நடந்தது சிறு காரியமே. அதன் கருத்தோ பெரியது. மேலென்றும் கீழென்றும் பிரித்துவைக்கப்பட்ட இருவர் ஒரே மண்வெட்டியை மாறி மாறிப் பிடிக்கும்போது அவர்களிடையே என்ன நிகழ்கிறது? ஒருவர் கொடுப்பவர், மற்றவர் பெறுபவர் என்னும் பிரிவு அழிகிறது. பட்டணத்து மாணவனுக்குக் கிராமத்தவன் வேலை பழக்குகிறான். ஒதுக்கப்பட்டவன் தன் வீட்டுத் திண்ணையில் விருந்தினரை அமர்த்துகிறான். இவ்வனுபவத்தையே அவ்வியக்கத்தார் ஒரு சிறு வாசகமாக வகுத்தனர்: நாம் வீதியை அமைக்கிறோம், வீதி நம்மை அமைக்கிறது. வெட்டிய வீதி மழையிலே கரைந்து போகலாம். அதனை வெட்டியவரிடையே உண்டான உறவு எளிதிற் கரைவதன்று.

சிரமதானம் என்பதை நாம் பொதுவாக ஒருநாள் வேலையாகவே கருதுகிறோம். சர்வோதய முகாம்களிலோ உழைப்புக்கு ஒப்பான இடம் இன்னொன்றுக்கும் உண்டு. குடும்ப ஒன்றுகூடல் என்னும் பொருளுடைய ‘பவுல் ஹமுவ’ என்று சிங்களத்தில் அதனை அழைப்பர். சிறுவர் முதல் முதியோர் வரை, ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி எல்லாரும் கூடியமர்வர். சிறிது நேரம் மௌனமாக இருந்து, எல்லா உயிர்களிடத்தும் அன்பை நினைவர். பின்னர்ச் செய்த வேலையையும் செய்யவேண்டிய வேலையையும் பேசுவர், பாடுவர். ஒருவரையொருவர் அண்ணா, அக்கா, தம்பி, தங்கை என்று உறவுமுறை கூறியே அழைப்பர். கொடை என்பது வசதியுள்ளோர்க்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்த்த அவர்கள் கண்ட வழியும் அழகியது. பாலர் பள்ளிக்கு வரும் பிள்ளையை ஒரு தீப்பெட்டி அளவு அரிசி கொண்டுவரும்படி கேட்பர். அவ்வளவு கொடுக்க இயலாத வீடு அரிது. அத்தனை தீப்பெட்டிகளும் ஒன்றுசேர்ந்தால் பானை நிறைகிறது. தானும் கொடுத்தவன் என்னும் பெருமை பிள்ளையின் நெஞ்சிலும் நிறைகிறது.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசு நாயனாரைச் சிற்பிகள் எவ்வாறு காட்டுகின்றனர்? கையிலே உழவாரத்தோடு அன்றோ! பாடல் பாடிய பெருமான் திருக்கோயில் வீதிகளிற் புல் செதுக்குவதையும் தம் வழிபாடாகவே கொண்டார். ஞானமும் புல் செதுக்கும் கருவியும் ஒரே கையில் இருந்தன. உழவாரப் பணி என்று இன்றும் நம் கோயில்களில் அடியார்கள் கூடிச் செய்யும் தொண்டு அவர் காட்டிய வழியே. உள்ளத்தைத் திருத்த விரும்புவோர் உடலுழைப்பை இழிவென்று ஒதுக்கலாகாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

கூடிச் செய்யும் இச்சிறு வேலைகள் துன்பக் காலத்தில் எவ்வாறு துணையாகின்றன? அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, அறிமுகம். ஆபத்து வந்தபின் அயலவரைத் தேடிப் பழக நேரமில்லை. நாள்தோறும் முகம் பார்த்துப் பழகியவரே, நம் வீட்டுக் கதவு திறவாதிருப்பதைக் கண்டு, நாம் அழைக்காமலே ஓடிவருவார். இரண்டாவது, தேவையானவர் என்னும் உணர்வு. நான் செல்லாவிடின் இன்று வாசிகசாலை திறக்கப்படாது என்று அறிந்தவருக்குப் படுக்கையை விட்டு எழ ஒரு காரணம் உண்டு. மூன்றாவது, பழக்கம். மனம் சோர்ந்து கிடக்கும் வேளையில் புதிதாக ஒன்றைத் தொடங்க முடிவதில்லை. பலகாலம் பழகிய செயலைக் கை தானாகவே செய்கிறது. முற்றம் கூட்டிய கை கூட்டுகிறது; விளக்கேற்றிய கை ஏற்றுகிறது. கை முன்னே செல்ல, மனம் மெல்ல மெல்லப் பின்னே வருகிறது. ஆகையினாலேதான் நல்ல நாட்களிலேயே பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி எழுந்த ஆழிப்பேரலையை நாம் மறத்தல் கூடுமோ? நம் நாட்டில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே அலை தாக்கிய தமிழ்நாட்டுக் கரையோரக் கிராமங்களை அமெரிக்க அறிஞர் டானியல் ஓல்ட்ரிச் பின்னர் ஆராய்ந்தார். ஊரவரிடையே நெருங்கிய பிணைப்பும், வெளியேயுள்ள அரசாங்கத்தோடும் உதவி நிறுவனங்களோடும் தொடர்பும் உடைய கிராமங்கள் விரைவாகவும் செம்மையாகவும் மீண்டெழுந்தன என்று அவர் கண்டார். ஒன்றுபட்ட ஊர் தன் தேவையைக் கணக்கிட்டது, ஒரே குரலிற் கேட்டது, வந்ததைப் பங்கிட்டது.

நேயர்களே, இவ்விடத்திலே நாம் சற்று நின்று கவனித்தல் வேண்டும். அதே ஆராய்ச்சி இன்னோர் உண்மையையும் காட்டியது. ஊர் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருந்ததோ, அவ்வளவுக்கு அப்பிணைப்புக்கு வெளியே நின்றவர் கைவிடப்பட்டனர். ஊர்ப் பஞ்சாயத்தின் பட்டியலில் இடம்பெறாத தலித் மக்களும், விதவைகளும், முஸ்லிம்களும் உதவிபெறாது நின்ற நிலை உண்டாயிற்று. ஒற்றுமை என்பது வேலியுமாகலாம். உள்ளே இருப்பவரைக் காக்கும் அதே வேலி வெளியே இருப்பவரைத் தடுக்கிறது. இக்குறை பிறர் ஊருக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்க் கிணறுகளும் கோயில் வாசல்களும் இதனை அறியும். 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே சென்று வழிபடும் உரிமையைக் கேட்டு மக்கள் நிற்க நேர்ந்ததை வரலாறு மறவாது. கனத்தொலுவவில் முதல் மண்வெட்டி எங்கே விழுந்தது என்பதை இங்கே நினைத்தல் தகும். அது வேண்டியவர் வீட்டு வாசலில் விழவில்லை. விலக்கப்பட்டவர் மண்ணில் விழுந்தது. ஆகவே, நம் சங்கத்தின் வலிமையை அறிய விரும்பினால், யார் வருகிறார் என்பதை மட்டும் எண்ணாது, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. வருடத்துக்கொரு முறை பதாகை கட்டி, பெரியோர் ஒருவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்துப் படம் பிடித்துக் கலைவது சிரமதானத்தின் நிழலேயன்றிச் சிரமதானமாகாது. வருடத்தில் ஒரு நாள் பத்து மணி நேரம் உழைப்பதினும், வாரந்தோறும் அரைமணி நேரம் தவறாது கூடுவதே மனிதரை மாற்றவல்லது. மழை பெரிதாக ஒரு நாள் பெய்து ஓடிவிட்டால் கிணறு ஊறாது. மெல்லப் பெய்து நிலத்தில் இறங்கும் மழையே ஊற்றாகிறது.

அவ்வாறாயின் நாம் செய்யத் தக்கது யாது? பெரிய இயக்கம் ஒன்றைத் தொடங்க வேண்டியதில்லை. நம் ஊர்களிலே சனசமூக நிலையம் உண்டு, மரண உதவிச் சங்கம் உண்டு, கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் உண்டு. இவற்றுள் ஒன்றில் ஒரு சிறு வேலையை நமதாக ஏற்றுக்கொள்ளலாம். பத்திரிகைகளை அடுக்கிவைத்தல், கணக்கு எழுதுதல், தனித்து வாழும் முதியவர் ஒருவரை மாலைதோறும் சென்று பார்த்தல் முதலியன எவராலும் இயலும். பட்டணத்து மாடிவீடுகளில் வாழ்வோர், அடுத்த கதவுக்குள் இருப்பவரின் பெயரை அறிந்துகொள்வதிலிருந்து தொடங்கலாம். வேலை சிறிதாக இருக்கட்டும். நாளும் நேரமும் மாறாதிருக்கட்டும். பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பங்கைக் கொடுங்கள். துன்பத்தில் இருப்பவரிடமும், அவரால் இயன்ற ஒரு சிறு உதவியைக் கேட்கத் தயங்காதீர்கள். அது அவருக்குப் பாரமாகாது. தாம் இன்னும் வேண்டப்படுபவர் என்பதை அவருக்கு உணர்த்தும். ஆனால் ஆறாத துயரால் உறக்கமும் உணவும் இழந்தவருக்கு அயலவரின் அன்பு மட்டும் போதாது. அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும் அயலவரின் கடமையே.

ஒற்றைப் பனையைப் போன்றவனே உறுதியானவன் என்று நாம் தொடக்கத்திற் கண்ட எண்ணத்தை இனி விட்டுவிடலாம். மனவுறுதி என்பது ஒருவன் தன்னுள்ளே பூட்டிவைத்த பொருளன்று. பலர் கூடி, சிறிது சிறிதாக, நாள்தோறும் அமைக்கும் வீதி அது. அமைப்பவர் ஒவ்வொருவரும் ஒருநாள் அதில் நடக்க வேண்டிவரும். அந்நாளில் வீதி முடிந்திருக்க வேண்டுமாயின், இன்றைக்குரிய கூடை மண்ணை இன்றே சுமந்து போடுவோமாக.